கருத்ததெல்லாம் கருங்காலியா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கருங்காலியைப் பற்றித்தான். மாலை, உலக்கை, பெட்டி, கன்று, தண்ணீர் என்று ஆளுக்கு ஒரு கேள்வி. அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் அந்த ஒரு மரத்துக்கே ஒதுக்கிவிட்டேன். சில பதில்கள் நீளம், சில ஒரே மூச்சில் முடிந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராமேஸ்வரம் போனபோது கருங்காலி மாலை ஒன்று வாங்கினேன். வீட்டுக்கு வந்து தண்ணீரில் போட்டால் மூழ்குகிறது. மூழ்கினால் அசல்தான் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். நம்பலாமா? (வாசகர், உச்சிப்புளி)

மூழ்குவதை மட்டும் வைத்து நம்ப முடியாது ஐயா. கருங்காலி மிகவும் கனமான மரம், அதன் வைரம், அதாவது நடுவே இறுகிய கட்டை, தண்ணீரில் மூழ்கும் என்பதெல்லாம் சரிதான். ஆனால் உலக்கைப்பாலையும் மூழ்கும், இன்னும் எத்தனையோ காட்டு மரங்களின் வைரம் மூழ்கும். அவற்றில் ஏதாவது ஒன்றைக் கடைந்து, கருப்புச் சாயத்தில் ஊறவைத்து, மெழுகு தேய்த்துவிட்டால் உங்கள் சொம்புத் தண்ணீருக்கு வித்தியாசம் தெரியாது.

மாலையில் இருந்து ஒரே ஒரு மணியைத் தியாகம் செய்ய மனம் வந்தால், சிறிய ரம்பத்தால் அதைக் குறுக்கே இரண்டாக அறுத்துப் பாருங்கள். கருங்காலி வைரமாக இருந்தால் மேலிருந்து நடுத்துளை வரை ஒரே கருப்பாக இருக்கும். சாயம் போட்ட மணியில் வெளிவிளிம்பில் ஒரு கருப்பு வளையமும், துளையைச் சுற்றி இன்னொரு மெல்லிய கருப்பு வளையமும், நடுவே பழுப்பாகவோ வெளிர் மஞ்சளாகவோ மரத்தின் சொந்த நிறமும் தெரியும். சாயம் வெளியே இருந்தும் துளை வழியாகவும் ஊறி, நடுவரை போய்ச் சேராமல் நின்ற அடையாளம் அது. அறுக்க மனமில்லை என்றால், நகப்பூச்சு அழிக்கிற திரவத்தைப் பஞ்சில் தொட்டு அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு கன்னங்கரேல் என்று ஆனால் சந்தேகப்படலாம். பஞ்சு வெள்ளையாகவே இருந்தால் அதை வைத்து அசல் என்று சொல்லிவிடவும் முடியாது, ஏனென்றால் நல்ல சாயம் ஒட்டிக்கொண்டு வராது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த மரம் மிக மெதுவாக வளர்வது. இளமரத்தில் வெட்டிப் பார்த்தால் வெளிறிய வெள்ளைக்கட்டைதான் இருக்கும். வயது ஏற ஏறத்தான் நடுவில் கருப்பு வைரம் கூடும், முதிர்ந்த மரத்திலும் அதைச் சுற்றி வெள்ளைக்கட்டை கனமாகவே இருக்கும். அப்படி ஒரு முதுமரத்தை வெட்டி, வெள்ளையைக் கழித்து, வெடிப்பு விழுந்ததைக் கழித்து, கடைசலில் தூளாகப் போவதையும் கழித்தால் மிஞ்சுவது கொஞ்சம்தான். இன்றைக்குத் தமிழ்நாட்டில் எந்தக் கோயில் வாசலுக்குப் போனாலும் கொத்துக் கொத்தாக மாலைகள் தொங்குகின்றன. அத்தனைக்கும் கருங்காலி எங்கிருந்து வரும்? பெரும்பாலானவை வேறு மரமாக இருக்க வேண்டும், அப்படி இருந்தால் வாங்கினவருக்குப் பணம் நஷ்டம், அவ்வளவுதான். உண்மையான கருங்காலியாக இருக்கிற கொஞ்சம் மாலைகளுக்காக எங்கோ காட்டில் ஒரு மரம் விழுந்திருக்கிறது, அந்த நஷ்டத்தைத்தான் யாராலும் ஈடுகட்ட முடியாது. உங்கள் மாலை அசலாக இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் நான் ஆசைப்படுகிறேன். வாங்கியது வாங்கியதாக இருக்கட்டும், பக்தியோடு போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் சொந்தக்காரர்களுக்கு என்று இன்னும் நாலு வாங்காதீர்கள்.

எங்கள் ஆச்சி காலத்து உலக்கை ஒன்று இருக்கிறது. கருப்பாக இருக்கும். பழைய சாமான் எடுக்க வந்தவர் "கருங்காலி உலக்கை, நல்ல விலை தருகிறேன்" என்கிறார். கொடுக்கலாமா? (வாசகி, தேவிபட்டினம்)

கொடுக்காதீர்கள் அக்கா. அது கருங்காலியோ இல்லையோ, கொடுக்காதீர்கள்.

இப்போது அது என்ன மரம் என்று பார்ப்போம். இரண்டு தலைமுறை கை எண்ணெயும் வியர்வையும் ஏறிய எந்த உலக்கையும் கருத்துத்தான் போகும். பூண் பக்கம் இன்னும் கருப்பாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அது இரும்பு செய்கிற வேலை. துவர்ப்புச் சத்து உள்ள மரத்தில் ஈர இரும்பு பட்டால் அந்த இடம் மை கொட்டினது போலக் கருத்துவிடும், கருவேலங்கட்டையில் ஆணி அடித்து மழையில் போட்டாலே இதைப் பார்க்கலாம். ஆகவே பூணுக்குப் பக்கத்தில் பார்க்காதீர்கள். கைபிடித்துக் குத்துகிற நடுப்பகுதியில், கண்ணில் படாத ஓரிடத்தில் கத்தி நுனியால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். அங்கே செம்பழுப்பு தெரிந்தால் அது பெரும்பாலும் உலக்கைப்பாலை. உலக்கைக்கும் செக்குக்கும் கிழக்குக் கரைப் பக்கம் பேர்போன மரம் அதுதான், கோடியக்கரைக் காட்டில் இன்றும் நிற்கிறது. உள்ளேயும் கருப்பாகவே, பொடி கரித்தூள் மாதிரி வந்தால் அது கருங்காலியாக இருக்கலாம்.

எதுவானாலும், பழைய உலக்கையாக விலைக்குப் போனால் அதை உலக்கையாக யாரும் வைத்துக்கொள்ளப் போவதில்லை, துண்டு துண்டாக அறுத்து மணியாகக் கடைந்துவிடுவார்கள். ஆச்சி நெல் குத்திய உலக்கை அப்படிப் போக வேண்டாம். சமையலறை மூலையில் ஈரம் படாமல் சாத்தி வையுங்கள், வருஷத்துக்கு இரண்டு தடவை துணியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும்.

கொழும்பில் வியாபாரம் செய்த என் வாப்பாவின் வாப்பா கொண்டுவந்த பெட்டி ஒன்று வீட்டில் இருக்கிறது. கருப்புச் சட்டம், மூடியில் முள்ளம்பன்றி முள் வரிசையாகப் பதித்திருக்கிறது, உள்ளே திறந்தால் பல நிற மரத்தில் யானை உருவம். ஒரு துண்டில் மட்டும் பழுப்பும் கருப்பும் கோடு கோடாக ஓடுகிறது. இதன் மதிப்பு என்ன? (வாசகர், கீழக்கரை)

இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். நீங்கள் சொல்வது இலங்கையின் தென்கரையில், காலி நகரப் பக்கத்துக் கைவினைஞர்கள் 19ஆம் நூற்றாண்டில் செய்து விற்ற பெட்டி வகை. சட்டம் கருங்காலி. அதன் மேல் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி வரிசை இருக்கிறதா பாருங்கள், அது எலும்புத் துண்டுகளைப் பதித்தது. மூடியின் உள்பக்கம் இலங்கையில் விளைகிற மரங்களின் மாதிரிகளைப் பதிப்பது அவர்கள் வழக்கம். கீழக்கரைக்கும் கொழும்புக்கும் இருந்த போக்குவரத்தைச் சொல்லவே வேண்டாம், 1914 முதல் 1964 புயல் வரை தனுஷ்கோடியில் இருந்து தலைமன்னாருக்குக் கப்பலே ஓடியது. எத்தனை வீடுகளில் இப்படிச் சாமான்கள் வந்து இறங்கியிருக்கும்!

கோடு ஓடுகிற அந்தத் துண்டைப் பத்திரமாகப் பாருங்கள். நீங்கள் எழுதிய அடையாளம் சரியென்றால் அது கலுமெதிரிய என்று சிங்களத்தில் சொல்கிற மரமாக இருக்க வாய்ப்பு அதிகம். கருங்காலிக்கு ஒன்றுவிட்ட தம்பி, அதே டயோஸ்பைரஸ் பேரினம், இலங்கையின் ஈரக் காடுகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. டச்சுக்காரர்கள் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் மேசை, அலமாரி என்று அழகுக்காகவே வெட்டித் தீர்த்தார்கள், 19ஆம் நூற்றாண்டிலேயே பெரிய மரம் கிடைப்பது அரிதாகிவிட்டது. இன்றைக்கும் அது அழிவின் விளிம்பில் இருக்கிற மரம்தான்.

மதிப்பு கேட்டீர்கள். பணத்தில் சொல்ல நான் ஆளில்லை. விற்கிற எண்ணம் இருந்தால் ஒன்று: முள்ளம்பன்றி முள் வனவிலங்குப் பொருள், சட்டச் சிக்கல் வரலாம், வனத்துறை அலுவலகத்தில் கேட்காமல் கைமாற்றாதீர்கள். விற்காமல் வைத்திருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷம். வார்னிஷ் அடிக்காதீர்கள், உப்புத்தாள் போடவே போடாதீர்கள். கடல்காற்று நேரடியாகப் படாத அறையில், வெயில் விழாத இடத்தில் வைத்து, உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள். ஈரத்துணி பட்டால் பதித்த துண்டுகள் வீங்கித் தெறித்துவிடும்.

எங்கள் ஊரில் ஒரு நர்சரிக்காரர் கருங்காலிக் கன்று விற்கிறார். ஒரு ஏக்கர் வைத்தால் 15 வருஷத்தில் கோடிக்கணக்கில் வரும் என்று நோட்டீஸ் கொடுத்திருக்கிறார். தென்னந்தோப்பை எடுத்துவிட்டு வைக்கலாமா? (வாசகர், பெரியபட்டினம்)

தென்னையில் கை வைக்காதீர்கள் தம்பி, தயவுசெய்து.

முதலில் அந்தக் கன்றின் இலையைப் பாருங்கள். புளிய இலை மாதிரி பொடிப்பொடியாக, கணுவில் ஜோடி முள்ளோடு இருந்தால் அது வேறு மரம். அதையும் கருங்காலி என்றுதான் சொல்வார்கள், வெற்றிலைக்குப் போடுகிற காசுக்கட்டி எடுப்பது அதன் கட்டையில் இருந்துதான், சித்த மருத்துவத்தில் வருவதும் மிருகசீரிட நட்சத்திரத்துக்குச் சொல்வதும் அந்த முள்மரம். கோடையில் இலை உதிர்க்கும், வைரம் செம்பழுப்பு. நாம் பேசிக்கொண்டிருக்கிற கறுப்பு வைரக் கருங்காலிக்கு முள் கிடையாது, இலை தனி இலை, தோல் மாதிரி தடித்துப் பளபளப்பாக இருக்கும், வருஷம் முழுக்கப் பச்சை. இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஒன்றின் புகழைச் சொல்லி இன்னொன்றை விற்பது நிறைய நடக்கிறது.

சரி, கன்று உண்மையான கருங்காலியே என்று வைத்துக்கொள்வோம். 15 வருஷத்தில் என்ன கிடைக்கும்? நன்றாகப் பராமரித்தால் உங்கள் உயரத்தைத் தாண்டிய ஒரு மெல்லிய மரம், உள்ளே கருப்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. காட்டில் 20, 25 மீட்டர் வரை போகக்கூடிய மரம்தான், ஆனால் அதற்கு மனித ஆயுள் கணக்குப் போதாது. பணப்பயிராக நினைத்து நட்டவர் யாரும் அதை அறுவடை செய்யப் போவதில்லை, பேரன் பேத்திக்கு வேண்டுமானால் பயன்படலாம். அப்படியே வளர்ந்தாலும் வெட்டவும் கொண்டுபோகவும் சட்டம் என்ன சொல்கிறது என்பதை அந்த நோட்டீசில் போட்டிருக்க மாட்டார்கள். பக்கத்துக் கேரளாவில் அரசு ஒதுக்கிக் கொடுத்த பட்டா நிலத்திலேகூட சந்தனம், தேக்கு, ஈட்டி, கருங்காலி நான்கும் அரசுக்கு உரியவை என்று விதி வைத்து, அதை ஒட்டிப் பெரிய வழக்குகளே நடந்தன. ஒரு மரத்தை நட்டு லாபம் பார்க்கிறேன் என்று முதலீடு செய்கிறவர் இதையெல்லாம் விசாரிக்காமல் இறங்கக் கூடாது.

நாங்கள் 1990ல் வவுனியாவில் இருந்து வந்தவர்கள். எங்கள் ஊர்க்காட்டில் பாலை, வீரை, முதிரை, கருங்காலி எல்லாம் நின்றது. இந்தப் பக்கம் ஏன் ஒன்றையும் காணவில்லை? (வாசகர், மண்டபம்)

ஐயா, உங்கள் கேள்விதான் இந்த மாதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. நீங்கள் சொன்ன நான்கும் இந்தப் பக்கமும் உண்டு, உண்டு என்பதைவிட இருந்தது என்று சொல்வது பொருத்தம். சோழமண்டலக் கரை நெடுக, மழை மூன்று நான்கு மாதம்தான் என்றாலும் இலை உதிர்க்காத ஒரு குட்டைக்காடு இருந்தது. உலர் பசுமைமாறாக் காடு என்று அதைச் சொல்வார்கள். வடகிழக்குப் பருவமழையையே பெரும்பாலும் நம்பி, தடித்த சின்ன இலையோடு, நெருக்கமாக, நிழலாக நிற்கிற காடு. உங்கள் வவுனியாவைச் சுற்றிய வன்னிக் காடும் அதே வகையைச் சேர்ந்ததுதான், நடுவில் கடல் இருக்கிறது என்பதைத் தவிர வித்தியாசம் அதிகமில்லை. கருங்காலியை முதலில் அறிவியலுக்கு விவரித்தவரும் இந்தக் கரையில் இருந்தவரே. தரங்கம்பாடி டேனிஷ் மிஷனில் மருத்துவராக இருந்த கூனிக், உயிர்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸின் மாணவர். அவருடைய விவரிப்பை வைத்துத்தான் 1781ல் கருங்காலிக்கு டயோஸ்பைரஸ் எபெனம் என்ற பெயர் வெளியானது.

இந்தப் பக்கம் காடு விறகுக்கும் விவசாயத்துக்கும் ஊருக்கும் போய்விட்டது. கிழக்குக் கரையில் இன்று மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் துண்டு துண்டான கோயில் காடுகள், சாமிக்குப் பயந்து கத்தி வைக்காத இடங்கள். நம் ராமநாதபுரத்தில் அந்த வெற்றிடத்தைச் சீமைக்கருவேலம் நிரப்பிவிட்டது. மரம் என்றாலே கரிமூட்டம் என்று ஆகிவிட்ட ஊரில் கருங்காலியைப் பார்த்த கண் எத்தனை இருக்கும்? உங்கள் பக்கத்திலும் இப்போது நிலைமை நல்லதாக இல்லை, அழியும் ஆபத்தில் உள்ள உயிர்களைக் குறிக்கும் இலங்கையின் சிவப்புப் பட்டியலில் கருங்காலி அருகிவரும் மரம், வெட்டத் தடை இருந்தும் திருட்டு நிற்கவில்லை. உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தக் காட்டில் என்ன மரம் எந்த மண்ணில் நின்றது, எப்போது பூத்தது, எதை எதற்கு எடுத்தீர்கள், வீட்டு வளைக்கு எது, உழுகலப்பைக்கு எது என்று நினைவில் இருப்பதை எல்லாம் எழுதி அனுப்புங்கள். கையெழுத்து எப்படி இருந்தாலும் பரவாயில்லை, எழுதச் சிரமம் என்றால் பேரப்பிள்ளைகளிடம் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். இந்தக் கரையில் அந்தக் காட்டைத் திரும்ப வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

அந்தக் காலத்தில் வலைக்குக் கருங்காலிக் காய்ச் சாறு போடுவார்கள் என்று என் மாமா சொல்கிறார். உண்மையா? (வாசகர், பாம்பன்)

மாமா சொல்வது கருங்காலியின் சொந்தக்கார மரம், பனிச்சை. நைலான் வருவதற்கு முன்பு பருத்தி, சணல் வலைகள் உப்புத் தண்ணீரில் சீக்கிரம் இற்றுப்போகும். பனிச்சங்காயைப் பச்சையாக இடித்து ஊறவைத்தால் பிசுபிசு என்று துவர்ச்சாறு இறங்கும், அதில் வலையை முக்கிக் காயப்போட்டால் நூல் கருத்து விறைத்து நாள்பட உழைக்கும். தோணிப் பலகை இடுக்கு அடைக்கவும் அதே பிசின் உதவியது. பனிச்சை ஆற்றோர மரம், நம் வறண்ட மணலில் தானாக வளர்வதில்லை. பீடி சுற்றுகிற தும்பிலியும் இந்தக் குடும்பம்தான். இவை எல்லாவற்றிலும் பழத்தின் காம்படியில் தடித்த ஒரு கிண்ணம் ஒட்டிக்கொண்டிருக்கும், கருங்காலிப் பழத்தையும் அதை வைத்தே அடையாளம் காணலாம். மாமாவிடம் இன்னும் கேட்டு எழுதுங்கள்.

கருங்காலி டம்ளரில் ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடித்தால் சர்க்கரை குறையுமாமே? (வாசகி, தொண்டி)

வேண்டாம் அக்கா. மருந்து நூல்களில் வருவது அந்த முள்மரம், கடையில் விற்பது எந்த மரத்துக்கு என்ன சாயம் போட்டது என்று யாருக்கும் தெரியாது. சாயத்தண்ணீரை வெறும் வயிற்றில் குடிக்க வேண்டாம். சித்த மருந்து எடுக்க விருப்பம் என்றால் அரசு மருத்துவமனையிலேயே சித்தப் பிரிவு இருக்கும், அங்கே கேளுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

எங்கள் ஐயனார் கோயில் இடத்தில் ஒரு கருங்காலியாவது வைக்க ஆசை. இந்த மண்ணில் வருமா? எப்படி வைப்பது? (இளைஞர் மன்றம், திருப்புல்லாணி அருகே ஒரு கிராமம்)

வரும், இடம் பார்த்து வைத்தால். கடற்கரையை ஒட்டிய உவர்மணலில் வேண்டாம், அங்கே புன்னை, பூவரசு, உகாய், பனை வையுங்கள், அவை உப்புக்காற்றைத் தாங்கும். ஊருக்குள் தள்ளி, தோண்டினால் நல்ல தண்ணீர் வருகிற, மழைத்தண்ணீர் தேங்காத செம்மண் கலந்த இடம் கருங்காலிக்குச் சரி.

வெட்டவெளியில் தனியாக நட்டால் கன்று கருகிவிடும். இது சின்ன வயதில் நிழலில் வளர்ந்து பழகிய மரம். அதனால் முதலில் வேம்பு, பூவரசு மாதிரி சீக்கிரம் வளர்கிறதை வைத்து, இரண்டு மூன்று வருஷத்தில் நிழல் கட்டியதும் அதன் கீழே கருங்காலியை வையுங்கள். கூடவே உலக்கைப்பாலை, வீரை, காயா எல்லாம் கலந்து நட்டால் இன்னும் நல்லது, இது தனிமரமாக நிற்கிற சாதி இல்லை. விதை கிடைத்தால் காயவைத்துச் சேர்க்காமல் உடனே போடுங்கள். ஆணிவேர் விறுவிறு என்று கீழே இறங்கும், ஆகவே குட்டைப் பையில் வேர் சுருண்ட கன்றை வாங்காதீர்கள், நீளமான பையாகப் பார்த்து வாங்குங்கள். இந்தக் குடும்பத்தில் பெரும்பாலும் ஆண்மரம் பெண்மரம் தனித்தனி, ஒன்றே ஒன்று வைத்தால் காய்க்காமலே போகலாம், நாலைந்தாவது வையுங்கள்.

கன்றுக்கு முதலில் வனத்துறை நாற்றங்காலில் விசாரியுங்கள். ஆரோவில் பக்கம் இந்த உலர் காட்டை மறுபடி வளர்க்கிறவர்கள் பல வருஷமாக நாட்டுமரக் கன்றுகள் எடுக்கிறார்கள், அங்கேயும் எழுதிக் கேட்கலாம். ஆனி, ஆடியில் குழி எடுத்து ஆறப்போட்டு, ஐப்பசி முதல் மழையில் நடுங்கள். கோடையில் வாரம் இருமுறை தண்ணீர், சுற்றிலும் பனையோலை மூடாக்கு, ஆட்டுக்கு எட்டாத வேலி. முதல் சில வருஷம் வளர்ச்சி கண்ணுக்கே தெரியாது, செத்துவிட்டது என்று யாரும் பிடுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நட்ட பிறகு எந்த இடம், எத்தனை கன்று என்று எழுதிப் போடுங்கள், அந்தப் பக்கம் வரும்போது வந்து பார்க்கிறேன்.